பஸ்ஸுக்கு ஞாபகம் கிடையாது

"ஆள் வருதா?" என்று கேட்டார். வெள்ளைச் சட்டை, கையில் குடை. வருவாங்க என்றேன். அவர் துப்பட்டாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பின்னால் போய்விட்டார். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அது மாதிரி இந்த மண்டபத்தில் மூன்றாவது வரிசை ஓரத்து நாற்காலியில் என் துப்பட்டாவை விரித்துப் போட்டிருக்கிறேன். ஓரம் அப்பாவுடையது. அடுத்தது என்னுடையது. ஜவுளிக் கடையில் நாளெல்லாம் நின்று நின்று அப்பாவுக்கு முழங்கால் மடங்காது, ஓரம் என்றால்தான் நடைபாதையில் காலை நீட்டிக்கொள்ளலாம். வருவாங்க என்று சொன்னேனே, அது பொய்யா? தெரிந்தே சொன்னால்தான் பொய். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் வந்திருக்கிறேன். வெளியே வேப்பமர நிழலில் சங்கரபாண்டி மாமா பைக்கை நிறுத்தி அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறார், அம்மாவின் தம்பி. அவர் போனில் ஒரு படம் இருக்கிறது. ஆற்றில் எடுத்த ஆள். ஸ்டேஷனிலிருந்து அனுப்பினார்கள். அது யார் என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். பேச்சு முடியட்டும் மாமா, முடிஞ்சதும் பாக்கேன் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். "ஏட்டி, பேச்சுக்கும் இதுக்கும் என்னட்டி சம்மந்தம்?" என்று கத்தினார். சம்பந்தம் இருக்கிறது. அப்பாவைத் தை மாதத்திலிருந்து காணோம். உயிரோடு எந்த ஊரில் இருந்தாலும் இன்றைக்கு இந்தப் பேச்சுக்கு வருவார். அவர் வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் அந்தப் படத்தை நான் பார்க்கவே வேண்டாம். என் கணக்கு இவ்வளவுதான். மாமாவுக்கு இது கணக்காகவே படவில்லை.

பாளையங்கோட்டையில் வருஷா வருஷம் ஆடியில் மூன்று ஞாயிறு பெரிய ஆட்களைக் கூட்டிவந்து பேச வைப்பார்கள். ஒரு ஞாயிறு சமூகம், ஒரு ஞாயிறு கலை, ஒரு ஞாயிறு அறிவியல். ஆண்டுப் பொழிவு என்று பேனர். அப்பா எல்லாவற்றுக்கும் வருவார், என்னையும் இழுத்துக்கொண்டு. நான் ரெண்டாங் கிளாஸ் படிக்கும்போதே சாதியின் தோற்றம், சோழர் சிற்பம், கருந்துளை எல்லாம் கேட்டுத் தூங்கியிருக்கிறேன். என் பெயர் பேச்சியம்மாள், எங்கள் குலசாமி பெயர். பேச்சி பேச்சு கேக்கப் போறா என்று கிளாஸில் பாட்டே பாடினார்கள். உண்மையைச் சொன்னால் அப்பாவுக்குப் பாதி புரியாது. முக்கால்வாசி புரியாது. வீட்டுக்கு வரும் வழியில் என்னப்பா சொன்னாரு என்று கேட்டால், நல்லா பேசினாரு என்பார். எதைப் பத்தி? அவரு விசயத்தைப் பத்தி. இதற்கு மேல் அவரிடமிருந்து பெயராது. புரியாத பேச்சுக்கு எதுக்குப்பா போற என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். கொஞ்சம் யோசித்தார். "கடையில நான் பேசிக்கிட்டே இருக்கேன், யாரும் முழுசா கேக்கறதில்ல. இங்க ஒருத்தரு பேசுதாரு, அத்தனை பேரும் வாயை மூடிட்டு இருக்காவ. அதைப் பாக்கது நல்லா இருக்கு" என்றார். அவர் பேசி நான் கேட்ட நீளமான வாக்கியம் அதுதான். போன வருடம் கடைசி ஞாயிறன்று, அடுத்த ஆண்டு நம்ம ஊர்ப் பெண், கணித மேதை, பேராசிரியர் எமல்டா ஞானராஜ் பேசுவார் என்று அறிவித்தார்கள். அப்பா என் கையைத் தட்டி, நம்ம கடையில சேலை எடுத்த அம்மா, என் பேரைக் கேட்டாவ, அடுத்த வருசம் எது தப்பினாலும் இதை விடக்கூடாது என்றார். எது தப்பினாலும். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். போன ரெண்டு ஞாயிறும் வந்தேன், கடைசி வரிசையில் உட்கார்ந்து வாசலையே பார்த்தேன், சமூகத்துக்கும் வரவில்லை, கலைக்கும் வரவில்லை. பரவாயில்லை. இன்றைக்குத்தான் எமல்டா.

கூட்டம் வருகிறது. வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது தப்பு. ஆனால் அப்பா நாற்காலிக்குக் காவல் வேண்டும். ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் கழுத்து தானாகத் திரும்புகிறது. முழங்கால் மடங்காத ஆள் நடந்தால் ஒரு கால் தட்டும், ஒரு கால் தேய்க்கும். தட்டுவது நிறையக் கேட்கிறது. தேய்ப்பது ஒன்று கேட்டது. ஊன்றுகோல் வைத்த பாட்டையா. பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான் வாசலைப் பார்த்தேன், பதினொன்றாம் வகுப்பு கெமிஸ்ட்ரி டீச்சர் பாடத்தை நிறுத்திவிட்டு, பேச்சியம்மா, அப்பா கிடைச்சிட்டாங்களாம்மா என்று கேட்பார்கள், பஸ்ஸில் தொலைந்த குடையைக் கேட்பது போல. மொத்த கிளாஸும் மூஞ்சியைப் பாவமாக வைத்துக்கொண்டு திரும்பும். ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன், திரும்பப் போகவில்லை. படிப்பு ஏறாமல் நிற்கவில்லை, அந்த மூஞ்சிகளைப் பார்க்க முடியாமல் நின்றேன். இப்போது ஜெராக்ஸ் கடையில் வேலை. காணவில்லை என்று அப்பா படம் போட்ட நோட்டீஸை நானேதான் அந்த மிஷினில் எடுத்தேன். ஒவ்வொரு பிரதியிலும் அப்பா கொஞ்சம் கறுத்தார். கடைசியில் வந்த தாள்களில் கண் இருக்கிற இடத்தில் ரெண்டு மைப்பொட்டு. மிஷினில் மை கூடிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் இப்போது அப்பா முகத்தை நினைத்தால் அந்த மைப்பொட்டு முகம்தான் வருகிறது. ஆற்றில் எடுத்த ஆளுக்கும் முகம் சரியாக இல்லையாம். தண்ணீரில் ஊறியிருக்கிறது. மாமா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அத்தான் மாதிரியும் இருக்கு, வேற ஆளு மாதிரியும் இருக்கு, எனக்குப் பிடிபடல என்றார். அம்மா போனை வாங்கவே இல்லை. நீ பாரு, எனக்குப் பாக்க முடியாது என்று அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். வெங்காயம் நறுக்குகிற சத்தம் கேட்டது, நிறைய வெங்காயம். சாயங்காலத்துக்குள் சொல்லவேண்டுமாம், யாரும் சொந்தம் சொல்லி வராவிட்டால் போலீஸ்காரர்களே புதைத்துவிடுவார்கள்.

மைக்கை யாரோ தட்டினார்கள். வக்கீல் தளவாய் எழுந்தார், இந்த அமைப்புக்குச் செயலாளர். முதல் ரெண்டு ஞாயிறும் வரவேற்புரை வேறு ஆட்கள், கடைசி ஞாயிறு எப்போதும் இவர்தான். கோட்டுப் பையிலிருந்து தாளை எடுத்து மடிப்பை நீவினார். மடித்த இடத்தில் பழுப்பு. வருஷா வருஷம் அதே தாள், பேச வருகிறவர் பெயரை மட்டும் அடித்து எழுதுவார் என்று அப்பா சொல்லிச் சிரித்திருக்கிறார். மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, புரவலர் அவர்களே, முன்னாள் முதல்வர் அவர்களே, கல்லூரி முதல்வரைச் சொன்னேன், யாரும் பயப்பட வேண்டாம். சிரிப்பு. இந்த ஜோக்கும் தாளில் இருக்கும். அவர்களே அவர்களே அவர்களே என்று போய்க்கொண்டே இருந்தது, நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அப்போது மைக்கில் கேட்டது: "ஆண்டுதோறும் நம் பொழிவுகளுக்குத் தம் கையாலேயே பொன்னாடை தேர்ந்தெடுத்துத் தருபவரும், இதோ மூன்றாவது வரிசையின் ஓரத்திலே, வழக்கம்போல அருமை மகளோடு அமர்ந்திருப்பவருமான, அன்பர் ஆவுடைநாயகம் அவர்களே!" கை தட்டினார்கள். முன்வரிசையில் நாலைந்து தலை திரும்பிச் சிரித்தது. வழக்கமாக இந்த இடத்தில் அப்பா பாதி எழுந்து, முழங்கால் வலிக்க, ஒரு கும்பிடு போட்டு உட்காருவார். தலைகள் நாற்காலியைப் பார்த்தன. நானும் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நானும் அப்பா இருப்பார் என்றுதான் பார்த்தேன். துப்பட்டா கிடந்தது. மின்விசிறிக் காற்றில் அதன் ஒரு ஓரம் மேலே எழும்பி மடங்கி உட்கார்ந்தது. பாதி எழுந்து உட்காருகிற மாதிரியே. வக்கீல் நிமிரவில்லை, அடுத்த அவர்களேக்குப் போய்விட்டார். அவருக்குத் தெரியாது. இந்த வருடம் யாரையோ கடைக்கு அனுப்பிப் பொன்னாடை வாங்கியிருப்பார். அவருக்கு அப்பா வருகிற ஆள், வந்திருப்பார். கூப்பிட்டால் வந்துவிடுவார்கள் என்று செத்தவர்களைப் பற்றித்தான் சொல்வார்கள். மைக் வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாயிற்று. ஊரே கேட்க. இனி வந்தால் எப்படி வருவார், வாசல் வழியாகவா, ஈரத்தோடவா? சீ. என்ன யோசனை இது.

எமல்டா ஞானராஜ் கட்டையாக, நரைத்த முடியைக் கத்தரித்து, கைத்தறிச் சேலையில் இருந்தார். அப்பா எடுத்துக் கொடுத்த சேலையா? இருக்காது. பொன்னாடையைப் போர்த்தியதும் உடனே எடுத்து மடித்து மேஜையில் வைத்துவிட்டு நேராகப் பேச்சுக்கு வந்தார், அந்த அவசரம் எனக்குப் பிடித்தது. காத்திருப்பதைப் பற்றி ஒரு கணிதம் இருக்கிறது, அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன் என்றார். "நான் சின்னப் பிள்ளையில் இதே ஊரில் பஸ் ஸ்டாப்பில் நின்று நின்றுதான் கணக்குப் படித்தேன். ஒரு பஸ் வருகிறது. அது மணிப்படி வருவதில்லை, தன் இஷ்டத்துக்கு வருகிறது. நீங்கள் ரொம்ப நேரம் நின்றுவிட்டீர்கள். இவ்வளவு நேரம் நின்றோமே, இனிச் சீக்கிரம் வந்துவிடும் என்று நினைப்பீர்கள். இல்லையா? நினைப்போம்ல?" ஊர்ப் பேச்சு எட்டிப் பார்த்ததும் எல்லாரும் சிரித்தார்கள். "தப்பு. இப்படி இஷ்டத்துக்கு வருகிற பஸ்ஸுக்கு, நீங்கள் இப்போது வந்து நின்றாலும் ஒன்றுதான், காலையிலிருந்து நின்றாலும் ஒன்றுதான். இனிமேல் நிற்க வேண்டிய நேரம் மாறவே மாறாது. ஏனென்றால் நீங்கள் நின்றது பஸ்ஸுக்குத் தெரியாது. பஸ்ஸுக்கு ஞாபகம் கிடையாது." மறுபடி சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ்ஸுக்கு ஞாபகம் கிடையாது. நான் ரெண்டு ஞாயிறு வந்து உட்கார்ந்ததும், அம்மா தை மாதத்திலிருந்து ராத்திரி ஒரு ஆள் சோறு கூட வடித்துக் காலையில் அதில் தண்ணீர் ஊற்றுவதும் எங்கேயும் போய்ச் சேரவில்லை, அப்படித்தானே? இவ்வளவு அழுதோமே, இனி வந்துவிடுவார் என்று மனசுக்குள் ஒரு உண்டியல் மாதிரி போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். அடியில் ஓட்டை என்கிறார் இந்த அம்மா. அடுத்து இன்னும் மோசமாக ஒன்று சொன்னார். சில காத்திருப்புகள் இன்னொரு வகை, நிற்க நிற்க மிச்ச நேரம் குறையாது, கூடும். நேற்றுக் காணாமல் போன சாவி இன்றைக்குக் கிடைக்கலாம், போன வருடம் காணாமல் போனது இன்றைக்குக் கிடைக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை, பாருங்கள். பக்கத்தில் ஒரு பையன் சூப்பர் என்றான். அடப் பாவி.

அந்த நேரத்தில் யாரோ என் துப்பட்டாவை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். அந்த ஓரத்து நாற்காலியில். உட்காரும்போது ஒரு பெருமூச்சு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அம்மாடி என்று மெதுவாக. ஆண் குரல். கால் நடைபாதைக்கு நீண்டது, ஓரக்கண்ணில் வேட்டியின் கரை தெரிந்தது. கஞ்சி போட்ட துணி வாசம். ஜவுளிக் கடைக்குள் நுழைந்ததும் வருமே, புதுத்துணி வாசம், அதுவும் இருந்தது, அல்லது இருந்ததாக நினைத்தேன். தலையைத் திருப்பினால் போதும். திருப்பவில்லை. ஏன் என்று கேட்டால், திருப்பாத வரைக்கும் அப்பா. யாரிடமும் சொல்ல வெட்கமாக இருக்கும், ஆனால் அப்படித்தான் இருந்தேன், மேடையைப் பார்த்துக் கழுத்தை மரம் மாதிரி வைத்துக்கொண்டு. மூச்சு வந்து போவது கேட்டது. என் முழங்கையில் அந்தச் சட்டை உரசியது. என்னப்பா இவ்வளவு லேட்டு என்று உதடு வரை வந்தது. எங்கே போனீர்கள்? தை மாதம் காலையில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிற மாதிரிப் போனீர்களே, கடைக்கு வரவேயில்லை என்றார்களே, அந்த டிபன் பாக்ஸில் இருந்த எலுமிச்சம் சாதத்தை எங்கே உட்கார்ந்து தின்றீர்கள்? சண்டை உண்டா, கிடையாது. குடி கிடையாது. வேறு பெண் என்று அத்தை சொன்னாள், அம்மா துடைப்பத்தை எடுத்தாள். ஒரு காரணமும் இல்லாமல் ஒரு ஆள் எப்படிப் போவான்? யாரும் முழுசாகக் கேட்பதில்லை என்றீர்களே, அதுவா? நான் கேட்டேனே. இல்லை, நானும் கேட்கவில்லையோ. மேடையில் எமல்டா பேசிக்கொண்டே இருந்தார், வாய் அசைந்தது, ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. அப்போதுதான் அது வந்தது, அந்த நினைப்பு, நான் கூப்பிடவில்லை, தானாக வந்தது. பக்கத்தில் இருப்பது அப்பா கிடையாது என்று உனக்கே தெரியும். அப்பா வரப் போவது கிடையாது. அப்படியானால் ஆற்றில் எடுத்தது அப்பாவாகவே இருக்கட்டும். இருந்துவிட்டால் அவர் எங்களை விட்டுப் போகவில்லை, செத்துத்தான் போனார். உயிரோடு இருந்துகொண்டே, எது தப்பினாலும் என்று சொன்ன பேச்சுக்கும் வராமல் இருக்கிறார் என்றால், அது எங்களால் தாங்க முடியாது. அப்பா சாகட்டும் என்று நினைத்தேன். எனக்கு என் மேல் கோபமே வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

கை தட்டினார்கள். பேச்சு முடிந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் என் பக்கம் சாய்ந்து, "என்னமோ பஸ்ஸு பஸ்ஸுன்னாவ, ஒண்ணும் வெளங்கல. டீ குடுப்பாவளா பாப்பா?" என்றார். குரல் கீச்சென்று இருந்தது. திரும்பினேன். வெற்றிலைக் காவிப் பல், காதில் பஞ்சு, யாரோ ஒருவர். குடுப்பாங்க, வடையும் உண்டு என்றேன். நல்ல பிள்ளை என்றார். கேள்வி நேரம் என்று வக்கீல் அறிவித்தார், கேள்வி மட்டும் கேளுங்கள், உரை வேண்டாம் என்றார். முதலில் எழுந்தவர் உரைதான் நிகழ்த்தினார், தம் சர்வீஸில் பார்த்த வரிசைகள் எல்லாவற்றையும் பற்றி. யோவ் உட்காரும் என்று பின்னால் முனகினார்கள். நான் எழுந்தது எனக்கே தெரியாது. மைக் வரவில்லை, மைக் எதற்கு. "மேடம், எப்ப போலாம்?" என்று கேட்டேன். மண்டபமே சிரித்துவிட்டது. வெடித்த சிரிப்பு. வக்கீல்கூடச் சிரித்து, கொஞ்சம் பொறும்மா, டீ வந்துக்கிட்டிருக்கு என்றார். வெற்றிலைப் பல்காரர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். நான் கேட்டது அது கிடையாது. பஸ் ஸ்டாப்பை விட்டு எப்போது போகலாம் என்று கேட்டேன். இனி நிற்க வேண்டாம் என்று எப்போது முடிவு பண்ணலாம், அதற்குக் கணக்கு உண்டா என்று கேட்டேன். வாய் அவ்வளவையும் சொல்லாமல் வாலை மட்டும் சொல்லிவிட்டது. உட்கார்ந்திருக்க வேண்டும். நின்றேன். எமல்டா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "வரிசையை விட்டுட்டுப் போறவங்களைப் பத்திக் கேக்கியா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். சிரிப்பு அடங்கிவிட்டது. "எவ்வளவு பேர் போவாங்கன்னு கணக்குப் போடுவோம். ஒருத்தர் எப்பப் போகணும்னு எங்களுக்குச் சொல்லத் தெரியாது, தாயி. போனவங்க, போனதுக்கு அடுத்த நிமிசம் பஸ் வந்திருக்குமோன்னு நினைச்சுக்கிட்டே நடப்பாங்க. அதுக்கும் எங்ககிட்ட கணக்குக் கிடையாது." நன்றி மேடம் என்றேன். தெரியாது என்பதைத் தெரியாது என்று சொன்ன முதல் பெரிய ஆள் அவர்தான், நான் கேட்ட பேச்சுகளில். வெளியே நடந்தேன். நடைபாதை முழுக்க முகம் முகமாகப் பார்த்துக்கொண்டே போனேன், ஒன்றையும் விடவில்லை. கடைசி வரிசை, தூணுக்குப் பின்னால், டீ மேஜை, கைகழுவும் இடம். வரவில்லை.

வெயிலில் கண் கூசியது. மாமா என்னைப் பார்த்ததும் பைக்கை விட்டு இறங்கினார். "என்னட்டி?" கையை நீட்டினேன். அவர் போனை எடுத்து, படத்தைத் திறந்து, தான் பார்க்காமல் என் பக்கம் திருப்பினார். முகத்தை நான் பார்க்கவில்லை. மாமா இவ்வளவு நேரமும் முகத்தில் தேடியிருக்கிறார், அதுதான் பிடிபடவில்லை. எத்தனை வருடம், எத்தனை பேச்சு, நான் மேடையையா பார்த்தேன்? சலிப்பு வந்தால் பக்கவாட்டில் அப்பாவின் காதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். காதின் கீழ்மடல் கன்னத்தோடு ஒட்டியிருக்கும், தொங்காது, உள்மடிப்பு ஒரு இடத்தில் கிள்ளிவிட்ட மாதிரி இருக்கும். கண்ணை மூடினால் வரைந்துவிடுவேன். படத்தைப் பெரிதாக்கினேன். காது வீங்கியிருந்தது, மண் ஒட்டியிருந்தது. மடல் தொங்கியது. தாராளமாக, கடுக்கன் போடத் தோதாக, தனியாகத் தொங்கியது. உள்மடிப்பு வழவழவென்று நேராகப் போனது. மறுபடி பார்த்தேன், இன்னும் பெரிதாக்கி, கட்டம் கட்டமாக உடைகிற வரைக்கும். போனைத் திருப்பிக் கொடுத்தேன். "அப்பா இல்ல மாமா" என்றேன்.

மாமா அப்படியே உட்கார்ந்துவிட்டார், தரையில், வேப்பம்பழம் நசுங்கிக் கிடந்த இடத்தில். ரெண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, "அத்தான், ஐயோ அத்தான், இப்படிப் பண்ணிட்டியளே" என்று ஓலம் வைத்தார். ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. அப்பா இல்ல என்றேன். அது அப்பா கிடையாது என்று சொன்னேன். அவர் காதில் அப்பா செத்துட்டார் என்று விழுந்திருக்கிறது. அது என்று ஒரு சொல்லை முன்னால் போட்டிருந்தால் போதும். இப்போதும் போடலாம். போடவில்லை. எதிரே இருந்த டீக்கடைக்காரர் ஓடிவந்தார். என்னாச்சு? யாரு? இவரு அத்தானா, நம்ம ஆவுடைநாயகம் அண்ணாச்சியா? அடடா. என் தலையில் ஒரு கை வைத்தார். மூஞ்சியைப் பாவமாக வைத்துக்கொண்டார். கெமிஸ்ட்ரி டீச்சர் மூஞ்சி கிடையாது இது, இது வேறு, இது முடிந்துபோன பாவம், இதற்கு மேல் கேள்வி வராது. நன்றாக இருந்தது. ஐயோ, நன்றாக இருந்தது. இப்படியே விட்டுவிட்டால்? அழுவோம். மொத்தமாக ஒரே தடவையாக அழுவோம். படம் மாட்டுவோம், மைப்பொட்டு இல்லாத நல்ல படம். அம்மா ராத்திரி ஒரு ஆள் சோறு குறைத்து வடிப்பாள். யாரும் கேட்க மாட்டார்கள். நானும் செருப்புச் சத்தத்துக்குத் திரும்ப மாட்டேன். மாமா அழுதுகொண்டே போனை எடுத்து அக்கா என்ற இடத்தை அழுத்திவிட்டார். மணி போகிறது. வாயைத் திற பேச்சி. திறக்கவில்லை. மணி போகிறது. ஆற்றில் கிடந்த அந்த ஆளை நாங்கள் எரிப்போம், அப்பா என்று சொல்லி. தொங்குகிற மடல். அந்தக் காதையும் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருப்பார்கள், பஸ்ஸில், கோயிலில், சாப்பிடும்போது. நான் திருடிக்கொண்டுவந்து எரித்துவிட்டால் அவள் எந்த ஊரில் எந்த நாற்காலியில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், எவ்வளவு நாள்? அவள் என்றே நினைத்தேன், என் வயசு என்றே நினைத்தேன். அம்மா எடுத்துவிட்டாள். "சங்கரு, என்னடா? சொல்லு, என்னடா?" மாமாவுக்குப் பேச்சு வரவில்லை, விசும்பல்தான் வந்தது. போனைப் பிடுங்கினேன்.

"அம்மா, நான்தான். அது அப்பா இல்ல. அந்த ஆளு வேற யாரோ. மாமா நான் சொன்னதைத் தப்பா வெளங்கிட்டு அழுதாரு."

மாமா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார், வாய் பிளந்தபடி. டீக்கடைக்காரர் என் தலையிலிருந்து கையை எடுத்தார். அம்மா அழுவாள் என்று நினைத்தேன், சாமி பெயர் எதையாவது சொல்வாள் என்று நினைத்தேன். கூட்டம் கூட்டம்னு உனக்கும் கிறுக்குப் பிடிச்சிட்டா என்று காலையில் என்னைத் திட்டி அனுப்பியவள், பெருமூச்சு விட்டுவிட்டு, குரலை ரொம்பத் தாழ்த்தி, வெட்கப்படுகிற மாதிரி கேட்டாள்.

"அப்போ, அவிய அங்க வந்தாவளா?"

"வரலம்மா."

"அப்போ ரெண்டும் இல்லியா?" என்றாள். அழுகை கிடையாது குரலில். கடையில் ஒரு சாமான் கேட்டு, அது தீர்ந்துபோச்சு என்றதும் இன்னொன்று கேட்டு, அதுவும் வரவில்லை என்றதும், வெறும் பையோடு நிற்கிறவள் கேட்கிற மாதிரி.

"ரெண்டும் இல்லம்மா" என்றேன்.